காசநோய் ஆராய்ச்சியில் உணவின் இடம்

மருந்துகள் இல்லாத காலத்தில் காசநோய்ச் சிகிச்சை என்றாலே நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவும் கிடைக்கும் சானடோரியம் ஒன்றில் மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில், தங்கியிருப்பதாகத்தான் இருந்தது. சென்னையில் தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் சானடோரியம் என்ற பெயரிலேயே வழங்குகிறது. 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ் எனச் சுருக்கி அழைக்கப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், ஐசோனியாசிட் ஆகிய மருந்துகள் அடுத்தடுத்து வந்த பின்னரும், அவற்றைச் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பதே முறையான சிகிச்சை என்ற கருத்து மருத்துவர்களிடையே நீடித்தது. ஆனால் லட்சக்கணக்கானோர் நோயுற்றிருந்த இந்தியாவில் அவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே மருத்துவமனைப் படுக்கை கிடைத்ததால், மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டு குணமடைய முடியுமா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் எழுந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுவே. பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வில் நகரின் ஏழை நோயாளர் 193 பேர் சேர்க்கப்பட்டு, யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குச் செல்வது என்பது சமவாய்ப்பு முறையில், அதாவது மருத்துவரின் விருப்பமோ நோயாளியின் விருப்பமோ குறுக்கிடாதபடி குலுக்கலுக்கு நிகரான ஒரு முறையில், தீர்மானிக்கப்பட்டது. இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிடும் பாஸும் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவுகளின்படி, ஆண்டிறுதியில் சளியில் கிருமி இன்றி நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதமாகவும் வீட்டில் 86 சதவீதமாகவும் இருந்தனர். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்து, குறைவாக உண்டு, குறைவாகவே ஓய்வெடுத்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த முடிவின் எடை விளங்கும். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தினருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தொடர் ஆய்வில் தெரியவந்தது.

மாத்திரைகளை வாங்கிச் சென்ற சிலர் அவற்றை ஒழுங்காக விழுங்கவில்லை என்பதைச் சிறுநீர்ச் சோதனையும் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணியதும் காட்டின. அதைத் தொடர்ந்து, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் சுகாதார ஊழியரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையும் சென்னையிலேயே சோதிக்கப்பட்டது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் நாடுகள்தோறும் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. 1962இல் தொடங்கிய இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டமும் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

இவ்வளவு பெரிய நன்மையைத் தந்த அதே ஆய்வு, உணவைப் பற்றி அது சொல்லாத ஒன்றைச் சொன்னதாகவும் காலப்போக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. தகுந்த மருந்தை முறையாக உட்கொண்டால் உணவு குறைவாக இருந்தாலும் கிருமி அழியும் என்பதே சென்னையில் நிறுவப்பட்டது. பசி ஒருவரை நோய்க்கு ஆளாக்குகிறதா, எலும்பும் தோலுமாக வருபவர் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இறந்துபோவதற்கு அவருடைய உடல் நலிவு காரணமா, அவரோடு அரைவயிறு உண்டு வாழும் குடும்பத்தினரைச் சோறு காக்குமா என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது போலச் சுகாதாரத் திட்டங்கள் பல பத்தாண்டுகள் மருந்தை மட்டுமே நம்பி நடந்தது வருந்தத்தக்க பிழை.

அந்தக் கேள்விகளில் முக்கியமானதற்குத் தெளிவான விடை 2023இல்தான் கிடைத்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், 2,800 நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் 10 கிலோ உணவுப்பொருள் கொடுக்கப்பட்டது; அவர்களுடைய குடும்பத்தினர் 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் சேர்த்துத் தரப்பட்டன. அப்பிரிவில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. நோயாளிகளிலோ முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. ரேஷன் கடையில் கிடைப்பது போன்ற எளிய உணவுப்பொருள்களும் நுண்சத்து மாத்திரைகளுமே குடும்பத்தினரிடையே இதைச் சாதித்தன என்பது கொள்கை வகுப்போர் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதே திசையில் செல்கிறது. நோய் உறுதியானவுடனேயே உடல் நிறை குறியீடு எனப்படும், உயரத்துக்கேற்ற எடையின் அளவு, மூச்சின் வேகம், குருதியிலுள்ள ஆக்சிஜன் அளவு, உதவியின்றி நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றைச் செவிலியர் முதலிய சுகாதார ஊழியரே சோதித்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். சானடோரியத்தைத் தேவையற்றதாக்கிய சென்னை ஆய்வுக்கு இது முரணானதன்று; எவருக்குப் படுக்கையும் உணவும் தவிர்க்க முடியாதவை என்பதை இது பிரித்தறிகிறது. நடுவண் அரசும் 2018 முதல் நோயாளிக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்து, 2024 நவம்பரில் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. குடும்பத்தினருக்கான உணவுப்பொருளோ இன்னும் நன்கொடையாளர்களை நம்பியே பெரிதும் வழங்கப்படுகிறது. நோயாளியின் மருந்தைப் போல அதுவும் அரசின் பொறுப்பாக வேண்டும் என்பதற்கு ஜார்க்கண்ட் முடிவுகளே போதிய சான்று.