உங்க வெப்சைட்ல எல்லாராலயும் பணம் கட்ட முடியுதா?

ஆன்லைன்ல வியாபாரம் பண்றவங்க ஒரு கணக்கை மட்டும் விடாம பார்ப்பாங்க: ஒரு கஸ்டமரை வெப்சைட்டுக்குள்ள கொண்டுவர விளம்பரத்துக்கு எவ்வளவு ஆச்சு? சரி, காசு கொடுத்துக் கொண்டுவந்த அந்த கஸ்டமர் பொருளைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டற பக்கம் வரைக்கும் வந்துட்டு, பட்டன் எதுன்னு தெரியாம திரும்பிப் போனா? அந்த நஷ்டம் எந்த ரிப்போர்ட்லயும் தனியா தெரியாது. 'கார்ட்ல போட்டுட்டு வாங்காம போனவங்க' எண்ணிக்கைக்குள்ள கலந்துடும்.

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். அதில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம், செவித்திறன் குறைபாடு உள்ளவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. கண்புரை வந்த உங்க அப்பா, கை நடுங்கற உங்க பாட்டி இந்தக் கணக்கில் வரவே மாட்டாங்க. ஆனா சிரமம் அவங்களுக்கும் உண்டு.

பார்வை இல்லாதவங்க எப்படி போன்ல பொருள் வாங்குவாங்கன்னு சிலருக்கு சந்தேகம் வரும். ஸ்கிரீன் ரீடர்னு ஒரு வசதி இருக்கு. திரையில இருக்கிறதை குரலா வாசிச்சுக் காட்டும். ஆண்ட்ராய்டுல டாக்பேக், ஐபோன்ல வாய்ஸ்ஓவர், ரெண்டும் போனோடவே வருது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு என்விடிஏ இலவசம். அது வாசிக்கணும்னா உங்க வெப்சைட்ல வாசிக்க ஏதாவது இருக்கணும், அங்கதான் சிக்கலே. 'தீபாவளி ஆஃபர்'னு போஸ்டர் அடிச்சு, விலை, தள்ளுபடி, கடைசி தேதி எல்லாத்தையும் ஒரே படமா போட்டிருப்போம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் 'படம்'.

பண விஷயத்துல இது இன்னும் சீரியஸ். 'ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க'ன்னு எல்லா ஆப்பும் எச்சரிக்குது. அதே ஆப்ல ஓடிபி போடற கட்டத்தை ஸ்கிரீன் ரீடர் வாசிக்கலைன்னா, அவர் என்ன பண்ணுவார்? பக்கத்துல இருக்கிறவர் கையில போனைக் கொடுப்பார், பின் நம்பரையும் சேர்த்துச் சொல்லுவார். தன் கணக்குல எவ்வளவு இருக்குன்னு இன்னொருத்தருக்குத் தெரியாம பார்க்கிற உரிமையே அவருக்கு இல்லாம போகுது.

இது கோர்ட் வரைக்கும் போன விஷயம். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால் கண்ணை இமைக்க முடியாது. வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, டிஜிட்டல் கேஒய்சியில் 'கண்ணைச் சிமிட்டுங்க'ன்னு கேட்டது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்று தீர்ப்பளித்து, கேஒய்சியை எல்லாரும் பயன்படுத்தற மாதிரி மாற்ற 20 உத்தரவுகளைப் போட்டது. அதே ஆண்டு ஜூலை 31-ல் செபியும் தன் கட்டுப்பாட்டில் உள்ள பங்குத் தரகர்கள், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்கள் போன்றோருக்கு இதைக் கட்டாயமாக்கி சுற்றறிக்கை விட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை, சேவை தருபவர் அரசா தனியாரா என்ற வித்தியாசமே கிடையாது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் வரை.

அபராதத்தை விடுங்க. உங்க சைட் எப்படி இருக்குன்னு நீங்களே பார்த்துடலாம், பத்து நிமிஷம் போதும். போன் செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிக்குப் போய் டாக்பேக்கை ஆன் பண்ணுங்க. (அணைக்கிறது எப்படின்னு முதல்ல தெரிஞ்சு வச்சுக்கோங்க, இல்லைன்னா போன் கெட்டுப்போச்சுன்னு பயந்துடுவீங்க. பெரும்பாலான போன்ல ரெண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூணு செகண்ட் அழுத்தினா ஆஃப் ஆகும்.) ஒரு தடவை தொட்டா வாசிக்கும், ரெண்டு தடவை தட்டினா திறக்கும். இப்ப கண்ணை மூடிக்கிட்டு உங்க கடையிலேயே ஒரு பொருளை ஆர்டர் பண்ணுங்க.

'பட்டன்... பட்டன்... பட்டன்'னு மட்டும் கேட்டா, பட்டனுக்குப் பெயரே கொடுக்கலைன்னு அர்த்தம். புடவைப் படத்துக்குப் பதிலா 'ஐஎம்ஜி 2043'னு வாசிச்சா, விவரம் எழுதற இடத்தை நிரப்பாம விட்டிருக்கீங்க. அங்க 'மஞ்சள் காஞ்சிபுரம் பட்டு, அரக்கு பார்டர்'னு எழுதினா போதும். இதுக்கு டெவலப்பர் வேண்டாம், படம் ஏத்தற உங்க கடைப் பையனே செய்யலாம். வெளிர் சாம்பல் எழுத்தைக் கருப்பாக்குங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது இருக்கணும்னு சர்வதேச விதிமுறை சொல்லுது, சரிபார்க்க இலவச டூல் நிறைய இருக்கு. படிவத்துல தப்பு வந்தா கட்டத்தைச் சிவப்பாக்கினா மட்டும் பத்தாது. 'பின்கோடு 6 இலக்கம் வேணும்'னு எழுத்துல சொல்லணும். தொடர்புக்குப் போன் நம்பர் மட்டும் இருந்தா காது கேட்காதவர் எப்படிப் பேசுவார்? வாட்ஸ்அப்பையோ இமெயிலையோ சேர்த்துடுங்க.

இந்தப் பயத்தை வச்சும் ஒரு வியாபாரம் நடக்குது. 'ஒரு வரி கோடு போட்டா உங்க சைட் முழுக்க ரெடி'ன்னு மாதச் சந்தாவுக்கு விட்ஜெட் விற்பாங்க. அமெரிக்காவுல அப்படிச் சொல்லி வித்த அக்சஸிபி நிறுவனத்தை, வாக்குறுதி உண்மைக்குப் புறம்பா இருக்குன்னு சொல்லி, 2025-ல் 10 லட்சம் டாலர் கட்ட வச்சது அங்குள்ள வர்த்தக ஆணையம். பெயர் இல்லாத பட்டனுக்கு மேல எந்த விட்ஜெட்டைப் போட்டாலும் பட்டன் பட்டன்தான். அந்தச் சந்தாக் காசை மிச்சம் பண்ணுங்க.

புதுசா சைட் போடப் போறவங்களுக்கு வேலை ரொம்ப சுலபம். வேர்ட்பிரஸ் தீம் பட்டியல்ல 'அக்சஸிபிலிட்டி ரெடி'ன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அதுக்குள்ள தேடுங்க. டெவலப்பர் கொட்டேஷன் கொடுக்கும்போதே ஸ்கிரீன் ரீடர்ல வேலை செய்யணும்னு ஒரு வரி எழுதி வாங்கிடுங்க, பின்னாடி பிரிச்சு மாத்தினா தனிச் செலவு. கடைசித் தவணைப் பணத்தை, அவர் டாக்பேக்கை ஆன் பண்ணி, திரையைப் பார்க்காம உங்க முன்னாடி ஒரு ஆர்டர் போட்டுக் காட்டின பிறகு கொடுங்க.