டைல்ஸைப் பெயர்த்த பிறகு வரும் செலவு

பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது பாத்ரூமில்தான். ‘டைல்ஸை மட்டும் மாற்றினால் போதும்’ என்று எஸ்டிமேட் வாங்குவார்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு மட்டுமே அந்தக் கணக்கு. டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் போட்ட செங்கல் ஜல்லி ஈரத்தில் ஊறிக் கிடக்கும். தரைத் தண்ணீர் வடியும் நானி டிராப் ஓரமாகக் கசிந்திருக்கும். சுவருக்குள் போகும் ஜிஐ பைப்பில் துரு அடைத்திருக்கும். தன் வீட்டுக் கூரை ஓதம் காப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் ஏன் புலம்பினார் என்பது அப்போதுதான் புரியும். பைப்பை மாற்றி, வாட்டர்புரூஃபிங் செய்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்காமல் மேலே டைல்ஸ் ஒட்டக் கூடாது.

சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் கம்பியையும் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் காங்கிரீட் வெடித்துப் பெயரும். சன்ஷேடும் பால்கனியின் அடிப்பக்கமும் சீக்கிரம் அடிபடும் இடங்கள். பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தாலும் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே பொள்ளல் விட்டிருப்பது சத்தத்திலேயே தெரியும்.

எஸ்டிமேட்டுக்கு மேல் பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். சமீபத்தில் கட்டிய வீட்டுக்கு அது சரி. 1980களில் கட்டியது என்றால் இருபத்தைந்து சதவீதமாவது வேண்டும் என்பேன். கையில் 5 லட்சம் இருந்தால் 4 லட்சத்துக்குத்தான் வேலை பேச வேண்டும். மீதியை மாடுலர் கிச்சன் ஆசைக்குத் தொடவே கூடாது. பாத்ரூமை உடைத்துப் போட்டுவிட்டு, பணம் தீர்ந்து, நகையை அடகு வைக்க ஓடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம்.

இடிபாட்டை மூட்டை கட்டி மாடியிலிருந்து இறக்கும் கூலி, வேலை முடியும்வரை வேறிடத்தில் தங்க வாடகை போன்றவை பல எஸ்டிமேட்டுகளில் இருப்பதில்லை. கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு விலை பேசும் முன்பே பிளம்பரை அழைத்து, ஒரு மூலையில் நாலைந்து டைல்ஸை மட்டும் உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூடுதல் வேலை வந்தால் பைப்புக்கு அடிக்கு எவ்வளவு, பூச்சுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு, கொத்தனார், சித்தாள் நாள் கூலி எவ்வளவு என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.