பல இரவுகளின் ஒரு படம்: வானியல் ஒளிப்படமும் மூலபாடப் பிரச்சினையும்

மூன்று நான்கு இரவுகளில், வெவ்வேறு நேர அளவுகளில் எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றாக்கி, 'இதுவே ஓரியன் நெபுலா' என்று காட்டுவது புனைவன்றோ என்னும் ஐயம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. இலக்கிய மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டில் கலித்தொகையை வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தை நிறுவினர். அவர்தம் அச்சுப் பாடம் எந்தவொரு தனி ஏட்டுடனும் முற்றாக ஒத்திருக்க வேண்டியதில்லை. அதனால் அது பொய்யாகிவிடுவதுமில்லை.

ஓரியன் நெபுலாவை முதன்முதலில் ஒளிப்படமாக்கியவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டெம்பர் 30 இல் அவர் 51 நிமிடம் ஒளியேற்றினார். 1882 இல் 137 நிமிடம். நேரம் கூடக்கூட மங்கிய ஓரங்கள் வெளிப்படும். ஆனால் நடுவிலுள்ள நான்கு விண்மீன்களும் சூழ்ந்த ஒளியும் வெளிறி ஒன்றாகிவிடும். சில செக்கன்களில் எடுத்த படம் நடுவைக் காக்கும், ஓரத்தை இழக்கும். இம்முரண்பாட்டை எந்தவொரு தனிப்படமும் தீர்க்காது.

டிரேப்பர் வசதி படைத்தவர். தமக்கெனச் சொந்த அவதான நிலையம் வைத்திருந்தவர். இன்று கல்முனைக் கடற்கரையில் சாதாரண கெமராவுடன் நிற்கும் ஓர் இளைஞனுக்கு மூலதனத்தின் இடத்தை உழைப்பு நேரமே ஓரளவு நிரப்புகிறது. அந்நேரமும் எளிதிற் கிடைப்பதன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. பெப்ரவரியில் வானம் தெளியும்போது ஓரியன் இரவு எட்டு மணியளவில் ஏறத்தாழ உச்சியில் நிற்கும். நள்ளிரவுக்குப் பின் சாய்ந்துவிடும். நிலவற்ற இரவுகளே ஏற்றவை. புதுப்பிறையை மேற்கு வானிலே தேடும் நம் ஊரவர்க்கு அவ்விரவுகள் எவையென யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேலும், இங்கு துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்திலேயே உள்ளது; தென்னைகள் அதனை மறைத்துவிடும். வானின் சுழற்சியைப் பின்தொடரும் கருவியின் அச்சை அதனை நோக்கிச் செம்மையாக நிறுத்துதல் கடினம். ஆதலால் ஒளியேற்கும் நேரத்தை நீட்டினால் விண்மீன்கள் கோடுகளாகும். பல குறும்படங்களை, பல இரவுகளில் சேர்ப்பதே வழி.

ஒரே நேர அளவுள்ள பதினாறு படங்களைக் கூட்டினால் பொருளின் ஒளி 16 மடங்காகும். ஒழுங்கின்றி வரும் இரைச்சலோ 4 மடங்கே பெருகும். தனிப்படம் எதிலும் தெரியாத ஓரம் கூட்டத்தில் தெரியவருவது இதனாலேயே. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பதரிது. ஆயினும் இவ்விதி கஞ்சத்தனமானது: தெளிவை மீண்டும் இருமடங்காக்க 64 படங்கள் வேண்டும். படத்தை மிகமிகக் குறுக்கினாலும் பயனில்லை. ஒவ்வொரு படத்தையும் வாசிக்கையில் கெமராவே சிறிது இரைச்சலைச் சேர்க்கிறது.

வெவ்வேறு நேரப் படங்களைத் தொடக்கத்திலேயே கலத்தல் தவறு. ஐந்து செக்கன் படங்கள் ஒரு தொகுதி, மூன்று நிமிடப் படங்கள் மற்றொரு தொகுதி எனத் தனித்தனியே சேர்த்து, விண்மீன்களை ஒன்றன்மேலொன்று பொருத்தி, இரவுக்கிரவு மாறும் வானொளியைச் சமப்படுத்திய பின்னரே, நெடும்படத்தில் வெளிறிய நடுவுக்குக் குறும்படத்தின் நடுவைப் பெய்தல் வேண்டும். தனியார் நிறுவனங்கள் ஏவிய செய்மதியொன்றின் கோடு ஒரு படத்தில் மட்டும் இருக்குமாயின், ஏனையவற்றோடு ஒப்பிட்டு அதனைத் தள்ளிவிடலாம். அது இடைச்செருகல்.

எல்லா ஏடுகளிலும் ஒரே பிழை இருந்தால்? ஒரே தாய் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட பிரதிகளை எத்தனை சேர்த்தாலும் பிழை உறுதிப்படுமேயன்றி நீங்காது. வில்லையின் தூசியும் கெமராவின் சூட்டுப் புள்ளிகளும் அத்தகையன. இவற்றை வேறுவழியில் அறிதல் வேண்டும்: சீரான வெண்ணொளியை நோக்கி எடுத்த படங்கள் தூசியைக் காட்டும், மூடியிட்டு, அதே நேர அளவிலும் அதே வெப்பநிலையிலும் எடுத்த இருட்படங்கள் புள்ளிகளைக் காட்டும். தூசி இடம்மாறுவதால் முன்னவை இரவுதோறும் எடுக்கப்பட வேண்டியவை. சோம்பலால் இப்பணியை விட்டவர், தம் கெமராவின் தூசியை நெபுலாவின் கரும்பகுதியென நம்பநேரும்.

பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் பாடவேறுபாடு தருவதுபோல, படத்தின் கீழே எத்தனை இரவு, எத்தனை படம், ஒவ்வொன்றும் எத்தனை செக்கன், நடுப்பகுதி எத்தொகுதியிலிருந்து பெறப்பட்டது என்பனவற்றைக் குறித்தல் வேண்டும். பத்திரிகைகள் பல இக்குறிப்பை இடமில்லையென வெட்டிவிடுகின்றன. வாசகரின் ஐயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.