15,000 டாலர் சைக்கிள்: பிரியர்கள் சொன்னதும் கம்பெனி கேட்டதும்

விலை உயர்ந்த சரக்கை வாங்க வருபவர் குறை சொல்லாமல் வாங்க மாட்டார் என்பது கடைத்தெருவில் நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் வாங்கவே போகாதவரும் சேர்ந்து குறை சொல்லும் சரக்கு சில உண்டு. அவற்றில் பந்தய சைக்கிளுக்கு முதலிடம் கொடுக்கலாம். யார் சொல்லும் குறையைக் காதில் வாங்குவது, யார் சொல்வதை விட்டுவிடுவது என்பதில் ஒரு சைக்கிள் கம்பெனி பட்ட பாட்டை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

கனடாவின் டொராண்டோ நகரில் ஜெரார்ட் வ்ரூமன், ஃபில் ஒயிட் என்ற இரண்டு பொறியாளர்கள் 1995-ல் தொடங்கிய கம்பெனி செர்வெலோ. சாலைப் பந்தய வண்டிகளும், டிரையத்லான் வண்டிகளும் அதன் இரு கண்கள். டிரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே மூச்சில். அதில் பெரிய போட்டியான அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதித்து, பிறகு 42 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

2016 அக்டோபரில், ஹவாயில் கோனா நகரில் அயர்ன்மேன் உலகப் போட்டி கூடிய வாரத்தில், இந்தக் கம்பெனி பி5எக்ஸ் என்ற புதிய வண்டியை இறக்கியது. சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய் இல்லை, பின்சக்கரத்துக்கு மேலிருந்து வரும் தாங்கு கம்பிகளும் இல்லை. பார்த்தால் சைக்கிள் மாதிரியே இல்லை. விலை 15,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 10 லட்சம் ரூபாய். சற்றுக் குறைந்த பாகங்கள் பூட்டியது 11,000 டாலர்.

பிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவலட்சணம் என்றார்கள் சிலர். முந்தைய பி5-ஐ விடக் கனம் என்றார்கள் பலர். இந்த விலைக்குக் கார் வாங்கலாமே என்ற பேச்சுக்கும் குறைவில்லை. (கார் வாங்குகிறவரிடம் யாரும் இந்த விலைக்கு சைக்கிள் வாங்கலாமே என்று கேட்பதில்லை.) இன்னொரு சாரார் சொன்னது சற்று யோசிக்க வேண்டியது. உலக சைக்கிள் சங்கத்தின் விதிப்படி பந்தய வண்டியின் ஃபிரேம் பழைய முக்கோண அமைப்பில்தான் இருக்க வேண்டும். அயர்ன்மேன் மாதிரி டிரையத்லானில் அந்த விதி கிடையாது. ஆகவே பி5எக்ஸை அங்கே ஓட்டலாம். சங்கத்தின் சைக்கிள் பந்தயத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஒரே வண்டியை இரண்டுக்கும் வைத்திருந்தவருக்கு இது இடித்தது.

பாராட்டியவர்கள் யார் என்று பார்த்தால், ஊர் ஊராக விமானம் ஏறிப் போட்டிக்குப் போகிறவர்கள். போட்டிகளில் ஆயிரக்கணக்கான வண்டிகளைப் படம் எடுத்து, யார் எதை எங்கே கட்டித் தொங்கவிடுகிறார்கள் என்று பார்த்த பிறகே கம்பெனி இதை வடிவமைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி, பஞ்சருக்கு வேண்டிய சாமானுக்கு ஒரு பெட்டி என்று வண்டியோடேயே சேர்ந்து வந்தது. ஹேண்டில்பாரைப் பிரித்துப் பையில் மடக்கலாம். உயரத்தை ஆளுக்கேற்றபடி ஏற்றி இறக்கலாம். கடைக்காரருக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவுக்கும் தனித்தனி பாகம் வாங்கி அடுக்க வேண்டியதில்லை.

கோனாவில் ஒரு நல்ல வழக்கம் இருந்து வந்திருக்கிறது. போட்டிக்கு முதல் நாள் வண்டி நிறுத்துமிடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியும் எந்தக் கம்பெனியுடையது என்று நின்று எண்ணிவிடுவார்கள். பல ஆண்டுகள் அதில் முதலிடம் செர்வெலோவுக்கே. பி5எக்ஸை ஏசியதற்குப் பிறகு வந்த 2017, 2018, 2019-லும் அப்படியே. அதற்காகப் புதிய வண்டிதான் அந்த இடத்தைச் சம்பாதித்தது என்று நாம் சொல்ல மாட்டோம். பி2, பி3 போன்ற விலை குறைந்த வண்டிகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த வாடிக்கை அது. கடை வாசலில் நிறுத்துவது ஒன்று, கல்லாவை நிரப்புவது வேறொன்று. 2018-ல் இன்னும் லேசான பி3எக்ஸ் வந்தபோது, கனத்தைப் பற்றிய குறையைக் கம்பெனி காதில் வாங்கியிருந்தது தெரிந்தது.

சாலை வண்டிகளில் நடந்தது வேறு கதை. 2018-ன் இறுதியில் வந்த எஸ்5 வண்டியில் ரிம்மைக் கவ்வும் பிரேக் கிடையாது. டிஸ்க் பிரேக் மட்டும்தான். கார்பன் சக்கரம் ஜோடி 2,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி வைத்திருந்த பிரியர்களுக்கு அந்தச் சக்கரம் புதிய வண்டியில் பூட்டாது என்றால் எப்படி இருக்கும்? அவர்கள் கூச்சலில் நியாயம் இருந்தது. கடைக்காரர் நிலைமை இன்னும் மோசம். பழைய முறைச் சக்கரம், பிரேக் கட்டை, ஃபிரேம் எல்லாம் ஒரே பருவத்தில் தேங்கிய சரக்காயின. இந்த விஷயத்தில் கம்பெனி பின்வாங்கவில்லை. பெரிய கம்பெனிகள் யாருமே பின்வாங்கவில்லை. 2022-லும் 2023-லும் யோனாஸ் விங்கேகோர் டூர் டி பிரான்ஸை வென்றது டிஸ்க் பிரேக் பூட்டிய செர்வெலோவில்தான். அதன் பிறகு ரிம் பிரேக்குக்காக வாதாடுகிறவர் தொகை குறைந்துபோயிற்று.

ஆனால் ஒரு குறை மட்டும் ஆண்டுக்கணக்கில் விடாமல் வந்தது. அதைச் சொன்னவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டுமல்ல, ரிப்பேர் மேஜையில் நிற்பவர்களும்கூட. மிதிகட்டை அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைப் பற்றியது அது. முன்பெல்லாம் ஃபிரேமில் மரை வெட்டி, கப்பை முடுக்குவார்கள். கார்பன் ஃபிரேம் வந்த பிறகு செர்வெலோ பிபிரைட் என்ற தன் சொந்த முறையைக் கொண்டு வந்தது. மரை இல்லை, பேரிங்கை அழுத்தித் திணிப்பதோடு சரி. ஃபிரேம் அகலமாகவும் விறைப்பாகவும் வந்தது உண்மை. ஆனால் துளை ஒரு மயிரிழை பிசகினாலும் மிதிக்கும்போதெல்லாம் கிறீச், கிறீச். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் கடைக்குத் திரும்பி வந்து நிற்பார். கழற்றி, துடைத்து, மறுபடி திணித்து அனுப்பினால் அடுத்த மாதம் மீண்டும் வருவார். அந்த வேலைக்குக் கூலி கேட்கக் கடைக்காரருக்கு வாய் வராது.

பழைய மரை முறைக்குச் சைக்கிள் உலகில் பி.எஸ்.ஏ. என்றே பெயர். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் முதலெழுத்துகள் அவை. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டிகளில் நாம் பார்த்துப் பழகிய அதே மூன்று எழுத்துதான். பிரியர்கள் கேட்டது புதுமையை அல்ல, இந்தப் பழைய மரையைத்தான்.

2015-ல் அமெரிக்காவில் டி47 என்ற முறை வந்தது. துளை அகலமாகவே இருக்கும், ஆனால் மரை உண்டு. 2021-ல் வெளிவந்த ஆர்5 வண்டியில் செர்வெலோ தன் பிபிரைட் அகலத்தை வைத்துக்கொண்டே இந்த மரையைச் சேர்த்தது. பந்தய வெற்றியைவிடப் பல பிரியர்கள் இதற்கே அதிகம் மகிழ்ந்தார்கள் என்பது நமக்கு வியப்பாக இல்லை. செயின் பக்கத்துக் கப் பழையபடி எதிர்மரைதான். புதுப் பையன் வேலைக்கு வந்தால் முடுக்க நினைத்துக் கழற்றுவான், அதை முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.