இரைச்சலை மைக்குக்கு முன்பே நிறுத்துவோம்

பதிவில் புகுந்த இரைச்சலை மென்பொருளால் துடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. பாட்காஸ்ட் நடத்துபவர்கள், யூடியூபில் பாடம் எடுப்பவர்கள், ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிந்து வைப்பவர்கள் எனப் பலரும் அதை நம்பித்தான் ஃபேன் ஓடும் அறையிலேயே பதிவைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. பதிவான இரைச்சலைக் குறைக்கலாம். குரலுக்குச் சேதமில்லாமல் முழுக்க நீக்குவது அரிது. மைக்கில் நுழையும் ஒலிகள் எல்லாம் ஒரே அலையாகத்தான் பதிவாகின்றன. பாலில் கலந்த தண்ணீர்போல இரைச்சல் அதில் குரலோடு சேர்ந்துவிடுகிறது.

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், யாரும் பேசாத ஓரிரு விநாடியைத் தேர்ந்து, இதுதான் இரைச்சல் என்று காட்டுகிறோம். அந்தத் துண்டில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று அது கணக்கெடுக்கும். பிறகு முழுப் பதிவையும் மிகச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த அளவைத் தாண்டாத அதிர்வெண்களை அடக்கும். 1979இல் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கழித்தல் முறையும் இதே வழியில் செல்வதுதான். ஃபேன் சத்தமும், மின்சாரத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் ஒரே சீராக இருப்பதால் சுலபமாகப் பிடிபடும். பேருந்தின் ஹாரனும் குக்கர் விசிலும் அப்படிச் சிக்குவதில்லை. குரலுக்கே வரும் ஆபத்து இன்னும் பெரிது. 'சுவர்' என்று சொல்லும்போது முதலில் எழுவது காற்று உரசும் ஒலி. அதன் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. மைக்கின் 'உஸ்' இரைச்சலும் அங்கே பரவியிருப்பதால், கடுமையாக அடக்கினால் சொல்லின் முனையும் மழுங்கிவிடும். அடங்காமல் மிஞ்சும் துணுக்குகள் கிணுகிணுவென்று ஒலித்துப் புதிய இரைச்சலாகும்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிட்டதே என்று கேட்கலாம். 2017இல் வெளிவந்த ஆர்என்நாய்ஸ் முதலாகப் பல கருவிகள் பேச்சு எப்படி இருக்கும் என்று பழகி, இரைச்சலை வியக்கத்தக்க விதத்தில் அடக்குகின்றன. தொலைபேசி உரையாடலுக்கு அது பெரிய உதவி. ஆனால் அவை செய்வது ஊகம்தான். முதியவரின் தழுதழுத்த குரலையோ முணுமுணுப்பையோ இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடலாம். வாய்மொழி வரலாற்றைச் சேகரிப்பவருக்கு அந்த இழப்பு ஈடுகட்ட முடியாதது.

இரைச்சலை மைக்குக்கு முன்பே நிறுத்த எல்லாரிடமும் ஸ்டுடியோ இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. தேவையானவற்றில் பெரும்பாலானவை செலவில்லாதவை. ஃபேனை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, எதிரொலி குறையக் கனமான திரைச்சீலை போடலாம். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவருவது. தூரம் பாதியாகும்போது குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். ஒரு மீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு வந்தால் ஏறக்குறைய 12 டெசிபெல் லாபம். மூச்சுக்காற்று நேரே மோதாமல் மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுவதை மென்பொருளிடம் விடலாம், அளவோடு. மூலப்பதிவைத் தொடாமல் பத்திரப்படுத்தி, பிரதியில் மட்டும் திருத்த வேண்டும்; நாளை இன்னும் நல்ல கருவி வரும்போது கைகொடுப்பது அந்த மூலம்தான். மெலிதாக மிஞ்சும் ஃபேன் சத்தத்தைக் காது சீக்கிரம் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சிதைந்த சொற்களை ஊகித்துக்கொண்டே இருக்க நேர்ந்தால் கேட்பவர் களைத்துப்போவார்.