படித்தது நிற்க வேண்டுமானால்



பல்கலைக்கழகங்களில் பருவத் தேர்வு முடிந்தபின் விடுமுறை வரும். அப்பொழுது நம் வீட்டுக்கு விருந்தினர் வருவது வழக்கம். பெம்பான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் நம்மிடம் அரிச்சுவடி கற்று, இன்று பல்கலைக்கழகம் வரை சென்றுவிட்ட பிள்ளைகள்தாம் அந்த விருந்தினர். பலர் சிரித்த முகத்தோடு வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அவருடைய தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று லயம் முழுவதும் பேச்சாக இருந்த பிள்ளை, முதற் பருவத்தில் இரண்டு தாள்களில் தேறவில்லை. உயர்கல்விக் கடனோ தேறினாலும் தேறாவிட்டாலும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

"படிக்காமல் இல்லை ஐயா, விடிய விடியப் படித்தேன்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. குறிப்பேட்டைக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று பக்கம் முழுதும் வண்ணக் கோடுகள். ஐந்தாறு முறை வாசித்ததாகச் சொன்னார். அவர் படித்தது மின்பொறியியல். நாம் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "தம்பி, மின்தேக்கி என்ன வேலை செய்கிறது? எனக்கு விளங்கும்படி சொல்" என்றோம். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிட்டார்.

"தெரியும் ஐயா, வாயில்தான் வரவில்லை."

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தோம். திரும்பத் திரும்ப வாசிக்கும்பொழுது எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகிய முகத்தைச் சந்தையில் கண்டதும் தெரிந்தவர் என்று தோன்றுகிறது. பெயர் கேட்டால் விழிக்கிறோம். பாடமும் அப்படித்தான். கண்ணுக்குப் பழகியதை மனம் அறிந்ததாக எண்ணி ஏமாந்துவிடுகிறோம். தேர்வு மண்டபத்தில் புத்தகம் இல்லை. அங்கே நம்மிடமிருந்து வெளியே வருவதுதான் கணக்கு.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் இதைச் சோதித்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் சிறிய உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள். பிறகு ஒரு பகுதியை மறுபடியும் வாசித்தார்கள். இன்னொன்றைப் பார்க்காமல், நினைவில் இருந்ததைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்ததில் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்ததில் 75 பங்கும் நினைவில் இருந்தன. வாசிப்பே வென்றது போலத் தோன்றுகிறதல்லவா? ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்ததில் 42, எழுதிப் பார்த்ததில் 56. தேர்வுக்கு முதல் நாள் இரவு வாசித்தவருக்கு, அன்றிரவு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும் என்பதற்கும், அடுத்த பருவத்தில் எல்லாம் புதிது போலத் தோன்றுவதற்கும் இதிலே விடை இருக்கிறது.

நமக்கு வியப்பளித்தது வேறொன்று. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே மாணவன் கற்கும் முறை பேசப்படுகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகி இன்னொரு காற்பங்கு பெறலாம். மீதி அரைப்பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்பொழுதே வந்து சேரும் என்பது அவர் கருத்து. இலக்கண நூல் என்று ஒதுக்கிவிடுகிறோம். தலைவாசலிலேயே இது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது! நாமும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அந்தப் பகுதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அதன்படி நடக்கத் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாணவர் தொகை குறைந்த நம் பள்ளிகளில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார்த்திப் பாடம் நடத்துவதுண்டு. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்கும். அதனால் சின்னவனைக் காட்டிலும் பெரியவனே அதிகம் கற்றுக்கொள்வதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். 1787-இல் சென்னைக்கு வந்து எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டார். 1797-இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அது அங்கே பெயர் பெற்றது.

நம் மாணவருக்கு வருவோம். அவருக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. சிந்தனை தமிழில், விரிவுரை பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில், புத்தகம் முழுக்க ஆங்கிலம். ஆகவே விளங்காத இடத்தையெல்லாம் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்திருந்தார். "உன் தங்கைக்குச் சொல்வதுபோல் தமிழில் சொல்" என்றோம். சற்று யோசித்துவிட்டு, லயத்துத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். குழாயில் நீர் வரும்போது தொட்டி நிரம்புகிறது, தேவைப்படும்போது திறந்துவிடுகிறோம், அதுபோல மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்து விடுவது மின்தேக்கி என்றார். உவமை முழுதும் பொருந்தாது. ஆனால் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்பதையும் அவரே சொன்னார்! விளங்கிவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தேர்வைத் தமிழில் எழுதப் போவதில்லை ஆதலால், சொன்னதை உடனே ஆங்கிலத்தில் எழுதச் செய்தோம். இந்த இரண்டாம் படியை விட்டுவிட்டால் முதற்படியால் தேர்வில் பயனில்லை.

அவரிடம் சொன்ன முறை சிறியது. விரிவுரை கேட்ட அன்று மாலையே குறிப்பேட்டை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் பத்து நிமிடம், நினைவில் உள்ளதை எழுத வேண்டும். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். அந்தச் சிவப்பு இடங்களே மறுபடி படிக்க வேண்டியவை. இரண்டு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை இதையே செய்ய வேண்டும். அன்று மாலையே என்று நாம் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கும் கழன்றுவிடுவதை அவர் கண்டார். பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவாகக் கழலாது. ஆனாலும் கழலத்தான் செய்யும்.

தூக்கத்தை வெட்டிப் படிப்பதையும் நிறுத்தச் சொன்னோம். பகலில் கற்றது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. கைப்பேசியைப் பற்றிப் பேசினால் நேரம் போதாது. பத்து நிமிடத்துக்கு அது அடுத்த அறையில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அடுத்த விடுமுறையில் அவர் மறுபடி வந்தார். ஒரு தாளில் தேறிவிட்டார். மற்றொன்றை இன்னொரு முறை எழுத வேண்டியிருந்தது. வெற்றுத் தாளில் எழுதிய முதல் வாரம் நாலு வரிக்கு மேல் வரவில்லை என்றும், அழுகையே வந்துவிட்டது என்றும் சொன்னார். அந்த நாலு வரியைக் கண்டு பலர் பழையபடி வண்ணக் கோலுக்கே திரும்பிவிடுகிறார்கள். இவர் திரும்பவில்லை.

விடுதியில் கேட்பதற்குத் தங்கை இல்லையே என்பீர்கள். சுவரைப் பார்த்துச் சொல்லுங்கள். அறைத்தோழர் சிரிப்பார், சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் அவர் கையிலேயே குறிப்பேட்டைக் கொடுத்து, கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.