தட்டாத தட்டு

பேராவூரணி சித்திரைத் திருவிழாவில் நீலகண்டப் பிள்ளையார் வீதியுலா வரும்போது, கொஞ்ச நேரம் தவில்காரரை விட்டுவிட்டுக் கூட்டத்தில் நிற்கிற பொடிசுகளின் தலையைக் கவனியுங்கள். தவில் மடமடவென்று பொழிந்துகொண்டே வரும். திடீரென்று ஓர் இடத்தில் அவர் கையை எடுத்துவிடுவார். சத்தமே இல்லாத அந்த இடத்தில்தான் எல்லாத் தலையும் ஒன்றுபோல வெடுக்கென்று ஆடும்.

இந்த வித்தையை வைத்தே ஒரு தீவு தன் இசையைக் கட்டிக்கொண்டது. தீவின் பெயர் ஜமைக்கா. இசையின் பெயர் ஸ்கா. அதற்கு அடுத்து வந்தது ராக்ஸ்டெடி.

ஸ்கா என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வாத்தியம் எதுவும் வேண்டாம். தொடையில் தட்டிக்கொண்டு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில், கை மேலே இருக்கும்போது, 'சக்' என்று சொல்லுங்கள். ஒண்ணு-சக்-ரெண்டு-சக். அந்தச் 'சக்'தான் ஸ்காவில் கிட்டாரும் பியானோவும் செய்கிற வேலை. மாடு தலையாட்டிக்கொண்டே ஓடுகிற மாதிரி ஒரு துள்ளல் வந்துவிடும்.

1950களில் கிங்ஸ்டன் நகரத்துத் தெருக்களில் இது பிறந்த விதம் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். அங்கேயும் சவுண்ட் சர்வீஸ்தான். முன்னாள் போலீஸ்காரர் டியூக் ரீட், கோக்ஸன் டாட், பிரின்ஸ் பஸ்டர் ஆகியோர் பீரோ அளவுப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி, அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளைப் போட்டார்கள். யாரிடம் புதுப் பாட்டு இருக்கிறதோ அவரிடம்தான் கூட்டம். பாட்டின் பெயரைப் போட்டிக்காரர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தட்டின் மேலிருக்கும் லேபிளையே சுரண்டிவிடுவார்களாம். அமெரிக்காவில் அந்தப் பாணி மங்கியதும், இவர்களே பாட்டுக்காரர்களைக் கூட்டிவந்து பதிவு செய்தார்கள். அமெரிக்கப் பாட்டில் லேசாகக் கேட்ட அந்த இடைத்தட்டை ஜமைக்காக்காரர்கள் தூக்கி முன்னால் வைத்தார்கள். நாடு விடுதலை பெற்ற 1962-இல் ஊரெல்லாம் அதுதான் ஒலித்தது.

ஸ்காட்டலைட்ஸ் என்ற புகழ்பெற்ற குழு 1964-இல் உருவானது. அதன் டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட் உட்படப் பலர் ஆல்ஃபா என்ற பள்ளியில் படித்தவர்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய, ஏழைச் சிறுவர்களுக்கான பள்ளி அது. அங்கிருந்த சிஸ்டர் இக்னேஷியஸ் பாட்டுப்பெட்டி வைத்துப் பிள்ளைகளுக்கு இசைத்தட்டு போட்டுக் காட்டியவர். நம் ஊர் நாகசுர வாத்தியார்களின் பட்டியலில் அந்த அம்மாவையும் சேர்த்துவிடலாம்.

1966 வாக்கில் வேகம் குறைந்தது. ஊதுகருவிகள் ஒதுங்கின, பேஸ் கிட்டார் முன்னால் வந்தது. இதுதான் ராக்ஸ்டெடி. சுமார் இரண்டே ஆண்டுகள்தான் ஆட்சி. 1968-இல் ரெகே என்ற அடுத்த பாணி வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் டிரம்ஸ்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நாலு தட்டில் முதல் தட்டைக் காலியாக விட்டு, மூன்றாவதில் பலமாக அடித்தார்கள். தாளத்தின் வாசற்படியையே எடுத்துவிட்ட மாதிரி. ஆனாலும் யாரும் தடுக்கி விழவில்லை.

ஏன் விழவில்லை? 2009-இல் இஸ்துவான் விங்க்ளர் என்ற ஆய்வாளரின் குழுவினர், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குத் தாளத்தைக் கேட்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் வேறு தட்டு விட்டுப்போனபோது மூளை சும்மா இருந்தது. முதல் தட்டு விட்டுப்போனபோது மட்டும் 'எங்கே அது?' என்று திடுக்கிட்டது. ஆக, தாளத்தைக் காது மட்டும் கேட்பதில்லை. அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காத்திருக்கிறது. வராத தட்டை உடம்பு தானே தட்டிக்கொள்கிறது. தலையாட்டம் அதுதான். மரியா விட்டெக் குழுவின் 2014 ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: தாளம் ரொம்ப ஒழுங்காக இருந்தாலும் ஆடத் தோன்றாது, ரொம்பக் கலைந்திருந்தாலும் தோன்றாது. அளவாகக் கலைத்தால் கால் தானாக எழும்.

இந்த அளவு காவிரிக் கரைக்குப் புதிதல்ல. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847) தேசாதி தாளத்தில் நிறையக் கீர்த்தனைகள் செய்திருக்கிறார். அதில் முதல் தட்டு விழுந்து ஒன்றரை எண்ணிக்கை கழிந்த பிறகே பாட்டு ஆரம்பிக்கும். 'மருகேலரா' அப்படிப்பட்டது. பாட்டைத் தொடங்கும்போது முதல் தட்டில் பாடகர் வாய் திறக்க மாட்டார். சபையில் உட்கார்ந்திருப்பவர் தொடையில் தட்டிக்கொள்வார். ஜமைக்காவுக்கும் திருவையாற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று நான் சொல்லவில்லை. காது ஒன்றுதான் என்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ராக்ஸ்டெடியைக் கோயில் குழாய் ஸ்பீக்கரில் போட்டால் பாதிப் பாட்டு காணாமல் போகும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அந்தச் சின்னக் குழாய்க்குள் அது அடங்காது. 'சக்' மட்டும் கேட்கும், பேஸ் கேட்காது. மொபைலிலும் அதே கதிதான். அதனால் ஆல்டன் எல்லிஸ் பாடிய 'ராக் ஸ்டெடி'யை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். இல்லையா, தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர் பெரிய பேஸ் பெட்டி வைத்திருந்தால், கல்யாணப் பந்தலில் கூட்டம் கலைந்த பிறகு ஒரே ஒரு தடவை போடச் சொல்லுங்கள்.